வண்டி மிஸ்ஸிங் அடிக்குதா? முதல்ல எந்த சிலிண்டர்னு கண்டுபிடிங்க

போன வருஷம் கத்திரி வெயில் சமயத்துல குடும்பத்தோட ஏலகிரி போனோம். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு, பாதி ஏறுறதுக்குள்ளயே வண்டி இழுக்க மாட்டேன்னுது, செகண்ட்ல போட்டு மிதிச்சா ஒரு உதறு உதறிட்டு அப்புறம்தான் நகருது. ஏசி ஓடுறதால இருக்கும்னு அணைச்சுப் பார்த்தேன், கொஞ்சம் பரவால்ல, ஆனா சரியாகல. சாயங்காலம் இறங்கி வேலூர் வந்து கிரீன் சர்க்கிள் டிராபிக்ல நின்னப்பதான் நல்லா தெரிஞ்சுது, ஸ்டீரிங் கையில கிடுகிடுன்னு ஆடுது, கியர் பக்கத்துல வெச்ச பாட்டில்ல தண்ணி அலையடிக்குது, மீட்டர்ல இன்ஜின் படம் போட்ட மஞ்ச லைட்டு எரியுது. பின்னாடி உட்கார்ந்திருந்த எங்கம்மா "இன்னாடா இது, ஜுரம் வந்த மாதிரி நடுங்குது வண்டி"ன்னாங்க.

இதத்தான் மெக்கானிக்குங்க மிஸ்ஸிங்னு சொல்றாங்க. மிஸ்ஸிங் அடிக்குது, ஒரு சிலிண்டர் படுத்துடுச்சு, நாலுல மூணுதான் ஓடுது, எப்படிச் சொன்னாலும் விஷயம் ஒண்ணுதான். அன்னைல இருந்து ஒரு மாசம் அலைஞ்சேன். முதல்ல விட்ட பட்டறையில நாலு பிளக்கையும் மாத்துனாங்க, பத்து நாள் வண்டி ஜம்முனு ஓடுச்சு, அப்புறம் மறுபடி அதே உதறல். திரும்ப எடுத்துட்டுப் போனா திராட்டில் பாடி கிளீன் பண்ணாங்க, ஏர் ஃபில்டர் மாத்துனாங்க, அப்பவும் நிக்கலன்னதும் பெட்ரோல் பம்ப் வீக்கா இருக்கும் சார் மாத்திப் பார்க்கலாம்னாங்க. அதுக்குள்ள 7,000 ரூபாய் போயிடுச்சு. மாத்திப் பார்க்கலாம்னு அவங்க சொன்னதுமே எனக்கு பயம் வந்து வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். கடைசியில காட்பாடி பக்கம் சின்னதா ஒரு ஷெட்டு போட்டு வேலை பார்க்குற ஒரு பாய், அறுபது வயசு இருக்கும், இருபது நிமிஷத்துல கண்டுபிடிச்சார். அவர் சொன்ன முதல் வார்த்தையே "பார்ட்ட மாத்தறதுக்கு மின்னாடி எந்த சிலிண்டர் படுத்துகினு கீதுன்னு பாருபா"ன்னுதான். அவர் போன அந்த வரிசைய, பானெட்ட திறந்தே பழக்கமில்லாதவங்களுக்கும் புரியற மாதிரி எழுதணும்னு அன்னைக்கே நினைச்சேன்.

முதல்ல இன்ஜினுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துடலாம், இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். சிலிண்டர்னா பிஸ்டன் மேலயும் கீழயும் ஓடுற குழாய், ஒவ்வொரு சிலிண்டரும் நாலு வேலை செய்யுது. காத்தும் பெட்ரோலும் கலந்த கலவைய உறிஞ்சுது, அதை அமுக்குது, அமுக்குன கலவைல பிளக்கு பொறி வெச்சதும் அது எரிஞ்சு பிஸ்டனைக் கீழ தள்ளுது, கடைசியா புகைய வெளிய தள்ளுது. இந்த நாலுக்கும் சேர்த்து கிராங்க், அதாவது பிஸ்டனுங்க சுத்த வைக்குற தண்டு, ரெண்டு சுத்து சுத்தும். அப்ப ஐடில்ல, அதாவது ஆக்ஸிலேட்டர் மிதிக்காம சும்மா ஓடுறப்ப, 800 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 800 சுத்து) காட்டுதுன்னா ஒரு சிலிண்டர் நிமிஷத்துக்கு 400 தடவ எரியுது, நாலு சிலிண்டர் வண்டின்னா 1,600 தடவ, அதாவது செகண்டுக்கு 26, 27 தள்ளு. அவ்வளவு வேகமா அடுத்தடுத்து வர்றதாலதான் நமக்கு தனித்தனியா தெரியாம வழுவழுன்னு ஓடுற மாதிரி இருக்கு. இதுல ஒரு சிலிண்டர் எரியலன்னா செகண்டுக்கு ஆறேழு தடவ அந்த இடத்துல ஒரு பள்ளம் விழுது. நம்ம கைக்கு ஸ்டீரிங்ல தெரியுற கிடுகிடு அந்தப் பள்ளம்தான். சாமி பல்லக்கு நாலு பேர் ஒரே அடியில தூக்கிட்டு வர்றப்ப ஒருத்தர் மட்டும் தோள் குடுக்காம கூட நடந்து வந்தா எப்படி இருக்கும், பல்லக்கு ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பக்கமா சாயும், மத்த மூணு பேரும் அவர் பாரத்தையும் சேர்த்துத் தூக்கணும். மூணு சிலிண்டர் வண்டின்னா இன்னும் மோசம், ஒண்ணு போனாலே மூணுல ஒரு பங்கு பலம் போச்சு.

ஒரு சிலிண்டர் எரியணும்னா காத்து வேணும், சரியான அளவு பெட்ரோல் வேணும், அமுக்கம் வேணும், பொறி வேணும், அந்தப் பொறியும் சரியான நேரத்துல வரணும். மிஸ்ஸிங்னா இதுல ஏதோ ஒண்ணு இல்லன்னு அர்த்தம், வேற எதுவும் கிடையாது. நம்ம குடியாத்தம் பக்கம் தீப்பெட்டி வேலை தெரிஞ்சவங்களுக்கு இது ஈஸியா புரியும், குச்சி நல்லா இருந்தும் பெட்டி ஓரத்துல மருந்து தேஞ்சிருந்தா தீ பத்தாது, மருந்து நல்லா இருந்தும் குச்சி நமுத்துப் போயிருந்தா பத்தாது, ரெண்டும் நல்லா இருந்தும் காத்து அடிச்சா அணைஞ்சிடும். பத்தலங்கிறது மட்டும்தான் நமக்கு வெளிய தெரியுது, ஏன் பத்தலன்னு தேடணும்.

தேடுறதுக்கு முன்னாடி, ஆட்டம் மிஸ்ஸிங்தானான்னு உறுதி பண்ணிக்கோங்க. இன்ஜினைத் தாங்கிப் புடிக்குற மவுண்ட் ரப்பர் போனாலும் வண்டி ஆடும். வித்தியாசம் சத்தத்துல இருக்கு. வண்டிய ஐடில்ல விட்டுட்டு பின்னாடி போய் சைலன்சர் வாய்ப் பக்கம் நின்னு காது குடுங்க, மவுண்ட் போன வண்டி ஆடுனாலும் சத்தம் ஒரே சீரா வரும், மிஸ்ஸிங் அடிக்குற வண்டி பு-பு-பு-க்-பு-பு-பு-க்னு நடுவுல திக்கும். ஒரு துண்டுப் பேப்பர சைலன்சர் வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் புடிச்சா பேப்பர் சீரா படபடக்காம நடுநடுவுல உள்ள இழுக்குற மாதிரி துள்ளும். எரியாத பெட்ரோல் வாடையும் மூக்குல ஏறும்.

இன்னொரு முக்கியமான விஷயம், இதை மட்டும் தயவுசெஞ்சு மனசுல வெச்சுக்கோங்க. அந்த மஞ்ச லைட்டு நிலையா எரிஞ்சா வண்டிய மெதுவா ஓட்டிட்டுப் போய் காட்டலாம். விட்டு விட்டு கண் சிமிட்டுற மாதிரி மின்னுச்சுன்னா ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுங்க, ஓரங்கட்டுங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் லைன்ல போய் அங்க புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள எரிய ஆரம்பிக்கும், உள்ள இருக்குற தேன்கூடு மாதிரியான பீங்கான் சூடு தாங்காம உருகிடும். ஒரு பிளக்கு 200, 300 ரூபாய் சமாச்சாரம், கன்வெர்ட்டர் போச்சுன்னா பல ஆயிரம். பள்ளிகொண்டா டோல் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம்தானே, வீட்டுக்குப் போயிடலாம்னு மின்னுற லைட்டோட 80ல ஓட்டுறது வேண்டவே வேண்டாம்.

சரி, எந்த சிலிண்டர்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஸ்கேனர். 2013 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 4 (புகை மாசு விதி) கார்கள்ல ஓபிடி 2ங்கிற, கோளாற வண்டியே கண்டுபிடிச்சு குறிச்சு வைக்குற வசதி கட்டாயம், ஸ்டீரிங்குக்குக் கீழ டேஷ்போர்டு அடியில 16 பின் சாக்கெட் ஒண்ணு இருக்கும். அதுல மாட்டுற புளூடூத் டாங்கிள் ஆயிரம் ரூபாய்க்குள்ளயே கிடைக்குது, போன்ல ஆப் போட்டுக்கிட்டா கோளாறு நம்பர, அதாவது கோடு, படிக்கலாம். பி0301ன்னு வந்தா ஒண்ணாவது சிலிண்டர் மிஸ், பி0302 ரெண்டாவது, அப்படியே பி0304 வரைக்கும். பி0300ன்னு வந்தா ஒரு குறிப்பிட்ட சிலிண்டர்னு சொல்ல முடியல, மாறி மாறி அடிக்குதுன்னு அர்த்தம்.

கம்ப்யூட்டருக்கு இது எப்படித் தெரியுதுன்னு எனக்கு ரொம்ப நாளா ஆச்சரியம். சிலிண்டருக்குள்ள கேமராவா வெச்சிருக்கான்னு நினைப்பேன். கிராங்க் பக்கத்துல ஒரு சென்சார் இருக்கு, அது பல்லுச் சக்கரம் சுத்துற வேகத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு சிலிண்டர் எரியுறப்பவும் கிராங்க் துளி வேகம் எடுக்கும், எரியலன்னா துளி சுணங்கும், எந்த நேரத்துல சுணங்குச்சோ அது யாரோட முறைன்னு கணக்குப் பார்த்து அந்த சிலிண்டர் நம்பரைச் சொல்லுது. அதனாலதான் கோடு சிலிண்டரை மட்டும்தான் காட்டும், பார்ட்ட காட்டாது. பி0303ன்னு வந்ததும் மூணாவது காயில் (பிளக்குக்கு கரண்ட்டு குடுக்குறது) போச்சுன்னு வாங்கிட்டு வந்துடாதீங்க. அதே சிலிண்டர்ல காயிலும் இருக்கு, பிளக்கும் இருக்கு, பெட்ரோல பீச்சுற இன்ஜெக்டரும் இருக்கு, காத்தும் புகையும் போற வழிய திறந்து மூடுற வால்வும் இருக்கு. எண்ணுறது எங்க இருந்துன்னும் தெரிஞ்சுக்கணும், பெரும்பாலான கார்ல பெல்ட் ஓடுற பக்கத்துல இருந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவாங்க, சில கம்பெனி வண்டிகள்ல கியர்பாக்ஸ் பக்கத்துல இருந்து எண்ணுவாங்க, உங்க மேனுவல ஒரு தடவ பார்த்துக்கோங்க, இல்லன்னா நல்லா இருக்குற சிலிண்டரைப் போட்டு நோண்டிக்கிட்டு இருப்போம்.

ரெண்டாவது வழி பாய் பண்ணது. என் வண்டி பழசு, அவர்கிட்ட ஸ்கேனரும் இல்ல. ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரல்ல விட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். தோள்ல கிடந்த துண்ட எடுத்து ஓரமா வெச்சுட்டு என்னையும் சட்டைக் கைய மடிச்சு விடச் சொன்னார், ரேடியேட்டர் ஃபேன் எப்ப சுத்தும்னு சொல்ல முடியாது. அப்புறம் ஒண்ணாவது இன்ஜெக்டரோட கனெக்டர் கிளிப்ப கட்டை விரலால அமுக்கி சட்டுனு உருவுனார். இன்ஜின் உடனே சோர்ந்துச்சு, சத்தம் இறங்கிடுச்சு, நின்னுடுமோன்னு இருந்துச்சு. திரும்ப மாட்டுனார், பழையபடி ஆச்சு. ரெண்டாவது, அதே மாதிரி சோர்ந்துச்சு. மூணாவத உருவுனார். ஒரு மாத்தமும் இல்ல. சத்தம், ஆட்டம் எல்லாம் உருவுறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நாலாவதையும் விடாம பார்த்துட்டு "மூணுதான்பா"ன்னார்.

இதோட கணக்கு ரொம்ப எளிசு. வேலை செய்யுற ஆள நிறுத்துனா வேலை குறையும், வேலையே செய்யாத ஆள நிறுத்துனா ஒண்ணும் ஆகாது. எந்த சிலிண்டர நிறுத்தும்போது இன்ஜின் கண்டுக்கலையோ அதுதான் படுத்த சிலிண்டர். இன்ஜெக்டர் கனெக்டர உருவுறது நல்லது, ஏன்னா அந்த சிலிண்டருக்கு பெட்ரோலே போகாது. சில வண்டியில இன்ஜெக்டர், காத்து போற குழாயான மேனிஃபோல்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், அப்ப காயில் கனெக்டர உருவலாம், ஆனா அஞ்சு செகண்டுக்கு மேல வேண்டாம், பெட்ரோல் எரியாம கன்வெர்ட்டருக்குப் போகும். பழைய வண்டியில பிளக்குக்குப் போற தடி ஒயர இன்ஜின் ஓடுறப்ப வெறும் கையால புடுங்காதீங்க, 20,000 வோல்ட்டுக்கு மேல ஓடுது அதுல, தூக்கி அடிச்சிடும். பேஸ்மேக்கர் வெச்சவங்க பக்கத்துலயே வரக்கூடாது.

சிலிண்டர் தெரிஞ்சதுக்கு அப்புறம் இன்ஜினை ஆறவிட்டு மூணாவது காயிலை ஒரு போல்ட் கழட்டி மேல இழுத்தார். காயில்னா பேட்டரியோட 12 வோல்ட்ட ஆயிரக்கணக்கான வோல்ட்டா மாத்திக் குடுக்குற சாமான், இப்ப வர்ற கார்ல பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்கு தலையிலயும் ஒண்ணு உட்கார்ந்திருக்கும், அதோட அடியில நீளமா ஒரு ரப்பர் குழாய் பிளக்க மூடிக்கும். அந்த ரப்பர் வெளிய வர்றப்பவே சொதசொதன்னு ஆயில், நுனியில இருந்து சொட்டுது. உள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தா பிளக்கு உட்கார்ந்திருக்கிற குழியில ஆயில் தேங்கி நிக்குது, கறுப்பா பளபளன்னு டார்ச் வெளிச்சம் அதுல தெரியுது. துணியச் சுத்தி உறிஞ்சி எடுத்துட்டு பிளக்க கழட்டினார். ஒரு மாசம் கூட ஆகாத புது பிளக்கு. வெள்ளைப் பீங்கான் மேல மேல இருந்து கீழ வரைக்கும் பென்சில்ல கோடு போட்ட மாதிரி மெல்லிசா ஒரு சாம்பல் கோடு, நகத்தால சுரண்டினாலும் போகல. ரப்பர் உள்பக்கமும் அதே இடத்துல ஒரு கோடு.

அந்தக் கோடுதான் முழுக்கதையும். டெப்பட் கவர், அதாவது இன்ஜின் தலை மூடியோட பேக்கிங், கூடவே பிளக்குக் குழிய சுத்தி இருக்குற ரப்பர் சீல், ரெண்டும் வருஷக்கணக்கா சூட்டுல கெட்டியாகி வெடிச்சுப் போச்சு, எங்க ஊர் வெயிலும் சேர்ந்துக்கிச்சு. அந்த வழியா ஆயில் குழிக்குள்ள கசிஞ்சு ரப்பரை ஊற வெச்சிடுச்சு, ஊறுன ரப்பர் பிளக்க இறுக்கிப் புடிக்காது. கரண்ட்டு எப்பவுமே சுலபமான வழிய தேடும், பிளக்கு நுனியில இருக்குற இடைவெளிய தாண்டுறத விட பீங்கான் வெளிப்பக்கமா வழுக்கி இன்ஜின் பாடிக்கு இறங்குறது சுலபம்னா அப்படியே இறங்கிடும். இறங்குன பாதையில கரி படியும், கரி படிஞ்சா பாதை இன்னும் சுலபம். ஏலகிரி ஏத்தத்துல ஏன் அதிகமா உதறுச்சுன்னும் இப்பதான் புரிஞ்சுது. ஆக்ஸிலேட்டர மிதிச்சா சிலிண்டர்ல கலவை நிறைய நிரம்பும், அமுக்கம் கூடும், அழுத்தமான கலவையில பொறி தாண்டணும்னா வோல்ட்டேஜ் அதிகம் வேணும், அப்ப கரண்ட்டு உள்ள தாண்டாம வெளிய ஓடிடுது. முதல் பட்டறையில பிளக்கு மாத்துனதும் பத்து நாள் நல்லா ஓடுச்சே, அது புது பீங்கான்ல கோடு விழுறதுக்கு ஆன பத்து நாள். குழியில ஆயில் இருந்தத அவங்களும் பார்த்திருப்பாங்க, துடைச்சிட்டு பிளக்க போட்டுட்டாங்க, ஆயில் எங்க இருந்து வருதுன்னு தேடல. எனக்கு இன்னைக்கும் வருத்தம் அதுதான்.

என் வண்டியில கண்ணால பார்த்தே தெரிஞ்சிடுச்சு. எல்லாருக்கும் அப்படி அமையாது, எல்லாமே பார்க்க நல்லாத்தான் இருக்கும். அப்ப இடம் மாத்திப் பார்க்குற சோதனைதான் கைகொடுக்கும், காசே செலவில்ல. மூணாவது காயில ரெண்டாவதுக்கும் ரெண்டாவத மூணாவதுக்கும் மாத்திப் போட்டு ஓட்டுங்க. மிஸ்ஸிங் ரெண்டாவது சிலிண்டருக்குத் தாவிடுச்சுன்னா காயில் போச்சு, சந்தேகமே இல்ல. மூணாவதுலயே நின்னா காயில் நல்லா இருக்கு, அடுத்து பிளக்க இதே மாதிரி மாத்துங்க. அதுவும் தாவலன்னா இன்ஜெக்டரையும் இதே மாதிரி மாத்திப் பாருங்க. ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்தணும், காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாத்திட்டா எது குற்றவாளின்னு தெரியாமப் போயிடும். மூணுமே தாவல, மிஸ்ஸிங் அதே சிலிண்டர்லயே உட்கார்ந்திருக்குன்னா அந்த சிலிண்டருக்குப் போற ஒயரிங்கப் பாருங்க, எலி கடிச்சிருக்கான்னு கண்டிப்பா பாருங்க. ராத்திரி இன்ஜின் சூட்டுக்கு எலி வந்து படுக்கும், ஒயர் தோலக் கடிக்கும், பானெட்ட திறந்தா புழுக்கையும் பஞ்சும் கிடக்கும். ஒயரும் நல்லா இருந்தா அப்புறம்தான் கம்ப்ரஷனுக்கு, அதாவது சிலிண்டர் அமுக்கத்தைப் பார்க்குறதுக்குப் போகணும்.

பிளக்கு கழட்டுனா சும்மா பார்த்துட்டு வெச்சிடாதீங்க, அது சிலிண்டரோட நாக்கு மாதிரி, டாக்டர் நாக்க நீட்டச் சொல்லிப் பார்க்குறாரே அப்படிப் பாருங்க. நுனி லேசான பழுப்பு, மண் கலர்ல இருந்தா சிலிண்டர் ஆரோக்கியமா இருக்கு. காஞ்ச கறுப்புக் கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகமா போகுது. பெட்ரோல்ல நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது பொறி வரல. நுனியிலயே ஆயில் பிசுபிசுன்னா பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ வழியா ஆயில் எரியுது, இது என் வண்டிக் கதை மாதிரி வெளிய தேங்குன ஆயில் இல்ல, வேற வியாதி, செலவும் வேற. வெள்ளையா வெளிறி கொப்புளிச்ச மாதிரி இருந்தா கலவையில பெட்ரோல் கம்மி, இல்ல இன்ஜின் சூடாகுது. நாலு பிளக்கையும் கழட்டுன வரிசையிலயே ஒரு பேப்பர் மேல வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க, தனியா பார்த்தா தெரியாதது பக்கத்துல பக்கத்துல வெச்சா தெரியும்.

கழட்டுறப்ப இன்ஜின் ஆறியிருக்கணும், பிளக்கு ஏறுற ஹெட்டு (இன்ஜின் மேல்பாகம்) அலுமினியம், சூட்டுல திருகினா மரை பிய்ச்சுக்கும். திரும்பப் போடுறப்ப ஸ்பேனர் இல்லாம முதல்ல விரலால சுத்தி இறக்குங்க, கோணலா ஏறுச்சுன்னா கையிலயே தெரியும். அடியில உட்கார்ந்ததும் வாஷர் வெச்ச புது பிளக்குன்னா இன்னும் அரை சுத்து சுத்துனா போதும். பிளக்கு நுனி இடைவெளி வண்டிக்கு வண்டி மாறும், 0.8ல இருந்து 1.1 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும், ஃபீலர் கேஜ் வெச்சுப் பார்க்கணும், இரிடியம் பிளக்குன்னா நுனியத் தட்டி வளைக்காதீங்க, உடைஞ்சிடும்.

எப்ப மிஸ்ஸிங் அடிக்குதுங்கிறதும் பாதி பதில சொல்லிடும், பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி இதை ஒரு வாரம் கவனிங்க. ஐடில்ல மட்டும் துடிச்சு, ஆக்ஸிலேட்டர் குடுத்தா சரியாகுதுன்னா பெரும்பாலும் எங்கயோ காத்து கசியுது. இன்டேக் பக்கம் இருக்குற ரப்பர் ஹோஸ் வெடிச்சு கணக்குல வராத காத்து உள்ள போகும், ஐடில்ல மொத்தமே கொஞ்சம் காத்துதான் போகும், அதனால கசிவு பெருசா தெரியும், வேகம் எடுத்தா அந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்ல. காது வெச்சா ஸ்ஸ்னு சத்தம் கேக்கும், பிரேக் பூஸ்டர் ஹோஸையும் பாருங்க. கார்ப் கிளீனர் அடிச்சுப் பார்க்குறவங்க இருக்காங்க, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்துல அது தீப்பிடிக்கும், தெரியாதவங்க செய்ய வேண்டாம், தண்ணி ஸ்பிரே போதும், கசியுற இடத்துல தண்ணி பட்டா ஐடில் சத்தம் மாறும்.

ஏத்தத்துலயும் ஓவர்டேக் பண்றப்பவும் மட்டும் உதறுதுன்னா பொறி வீக்கா இருக்கும், இல்ல பெட்ரோல் பிரஷர் பத்தல, ஃபில்டர் அடைச்சிருக்கும், பம்ப் தேஞ்சிருக்கும். இதுல பிரிச்சுப் பார்க்க ஒரு வழி, பம்ப் பிரச்சனைன்னா நாலு சிலிண்டருக்கும் சேர்ந்து பஞ்சம் வரும், ஒரு சிலிண்டர் மட்டும் படுக்காது. என்கிட்ட பம்ப் மாத்தலாம்னு சொன்னப்ப எனக்கு இது தெரிஞ்சிருந்தா அங்கேயே கேட்டிருப்பேன். மழை பெஞ்சாலோ வாட்டர் வாஷ் பண்ணிட்டு வந்தாலோ அடிக்குதுன்னா பிளக்குக் குழியில தண்ணி, இல்ல ஒயர் தோல் வெடிப்பு, தனி ஒயர் வெச்ச பழைய வண்டின்னா ராத்திரி இருட்டுல பானெட்ட திறந்து ஐடில்ல விட்டுப் பாருங்க, கரண்ட்டு கசியுற இடத்துல நீலமா பொறி தாவும். மாசக்கணக்கா ஓட்டாம நிறுத்தி வெச்ச வண்டின்னா டேங்க்ல தண்ணி சேர்ந்திருக்கலாம், இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலக்குறாங்க, எத்தனால் தண்ணிய இழுக்கும், ஒரு அளவுக்கு மேல போனா ரெண்டும் சேர்ந்து டேங்க் அடியில பிரிஞ்சு நிக்கும், பம்ப் உறிஞ்சுறதும் அடியில இருந்துதான்.

கேஸ்ல ஓடுற வண்டி வெச்சிருக்கவங்க ஒண்ணு கவனிக்கணும். பெட்ரோல்ல நல்லா ஓடி சிஎன்ஜிக்கு மாத்துனா மட்டும் மிஸ்ஸிங்னா முதல்ல பிளக்கையும் காயிலையும் பாருங்க, கேஸ் கலவைய பத்த வைக்க அதிக வோல்ட்டேஜ் வேணும், அதனால வீக்கான காயில் கேஸ்லதான் முதல்ல மாட்டிக்கும். ரொம்ப நாள் கேஸ்ல ஓடுன வண்டின்னா எக்ஸாஸ்ட் வால்வு சீட்டு தேஞ்சு வால்வு இடைவெளி இல்லாமப் போய் சூடானா மட்டும் ஐடில்ல துடிக்கும், அப்ப டெப்பட் அட்ஜஸ்ட், அதாவது அந்த வால்வு இடைவெளிய சரி பண்ணணும்.

எல்லாம் நல்லா இருந்தும் சிலிண்டர் எரியலன்னா கடைசியா கம்ப்ரஷன். எல்லா பிளக்கையும் கழட்டி, பெட்ரோலும் கரண்ட்டும் கட் பண்ணி, ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டே செல்ஃப் அடிச்சு ஒவ்வொரு சிலிண்டருக்கும் கேஜ் வெச்சுப் பார்ப்பாங்க. நல்ல பெட்ரோல் இன்ஜின்ல பொதுவா 150ல இருந்து 190 பிஎஸ்ஐ வரும், நம்பரை விட நாலும் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு வித்தியாசம்ங்கிறதுதான் முக்கியம், அதிகமானதுல முக்கால் பங்குக்குக் கீழ ஒண்ணு போனா அது நோய். அந்த சிலிண்டருக்குள்ள ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தா கம்ப்ரஷன் ஏறுச்சுன்னா ரிங் போச்சு, ஆயில் ரிங்க சுத்தி அடைச்சுக்குது. ஏறலன்னா பெரும்பாலும் வால்வு. பக்கத்துல பக்கத்துல இருக்குற ரெண்டு சிலிண்டர் சேர்ந்து கம்மியா இருந்தா நடுவுல ஹெட்டுக்கு அடியில இருக்குற கேஸ்கெட் போயிருக்கும், கூலன்ட் குறையும், வெள்ளைப் புகை வரும். இந்தக் கட்டம் வந்தா வேலை பெருசு, நம்பிக்கையான ஆள்கிட்ட மட்டும் குடுங்க, ஹெட்ட இறக்கணும்னு யாராவது சொன்னா கேஜ்ல எவ்வளவு காட்டுச்சுன்னு நாலு நம்பரையும் எழுதிக் கேளுங்க.

என் வண்டிக்கு டெப்பட் கவர் பேக்கிங் செட்டு, ஒரு காயில், ஒரு பிளக்கு, பாய் கூலி எல்லாம் சேர்த்து 4,200 ஆச்சு. பழைய காயில்ல வெறும் ரப்பர மட்டும் மாத்தலாமான்னு கேட்டேன், சில வண்டிக்குத் தனியா கிடைக்கும், என் வண்டிக்குக் கிடைக்கல. வேலை முடிச்சு அன்னைக்கே வண்டிய எடுக்க விடல அவர், டிப்ஸ்டிக்க உருவி மோந்து பார்க்கச் சொன்னார். ஆயில்ல பெட்ரோல் வாடை அடிச்சுது. ஒரு மாசமா மூணாவது சிலிண்டர்ல எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமா சுவத்துல வழிஞ்சு கீழ ஆயில்ல கலந்திருக்கு, தண்ணியா போன ஆயில்ல பேரிங் தேயும்னு சொன்னார். அங்கேயே ஆயிலும் ஃபில்டரும் மாத்திட்டுத்தான் கிளம்பினேன், அது தனியா ஒரு 1,800.